இறந்தவரை வேலைக்கு அழைத்த கோப்பு

விழாவுக்குத் தலைமையேற்று, வியர்வை வழிய வழிய, விசிறியை விருந்தினர் பக்கம் திருப்பிவிட்டு வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் திரு. ஐயாவு அவர்களே, ஜெலாப்பாங் தொழிற்சாலைகளில் பகலெல்லாம் நின்றுவிட்டு, நின்ற காலோடு இங்கே வந்து, இடமில்லாமல் இங்கும் நின்றுகொண்டிருக்கும் அன்னையரே, சித்தியவானில் செம்பனைக் குலை சுமந்த தோளோடும், பாகான் டத்தோவில் தேங்காய் உரித்த கையோடும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, ஓராண்டுக் கணினி வகுப்பை ஒரு நாளும் தவறாமல் படித்து முடித்து, இன்று சான்றிதழ் வாங்கப்போகும் இளைய செல்வங்களே, உங்கள் அனைவரின் முன்னும் அர்ச்சுனன் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பை அறிவிப்பாளர் படித்தபோது, முன்வரிசையில் ஓர் அம்மா கொட்டாவி விட்டார். நான் பார்த்தேன் அம்மா. அதில் தவறே இல்லை. ‘பல பகுதிகள் கொண்ட நிரல்களைக் கட்டும்போது அமைப்புக் கோப்புகளைக் காப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் யாருக்குத்தான் கொட்டாவி வராது? ஆனால் அம்மா, இந்தத் தலைப்புக்குள் ஒரு சாவு இருக்கிறது. சாகாமல் தப்பிய நாற்பத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒரு பெண்ணின் கண்ணீர் இருக்கிறது. நான் செய்த பிழையும் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக எந்த மேடையிலும் சொல்லாததை இன்று சொல்லப்போகிறேன். சான்றிதழ் வாங்கும் பிள்ளைகள் அதைக் கேட்காமல் இந்த மண்டபத்தை விட்டுப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில், அமைப்புக் கோப்பு என்றால் என்ன? பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிரல் என்பது வேலை செய்யும் கை. எங்கே செய்வது, எதைக் கொண்டு செய்வது, யார் பொறுப்பில் செய்வது என்று அந்தக் கைக்கு எடுத்துச் சொல்லும் தாள்தான் அமைப்புக் கோப்பு. கைக்குக் கண் கிடையாது. கைக்குக் காது கிடையாது. தாளில் கிணறு என்று எழுதினால் கிணற்றுக்குப் போகும். தாளில் சுடுகாடு என்று எழுதினால் சுடுகாட்டுக்குப் போகும். ஏன் என்று அது கேட்காது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஈப்போவில் ஒரு கணினி நிலையத்தில் நான் நிரல் எழுதுபவனாகச் சேர்ந்தேன். பேராக் மாநிலம் முழுவதும் இருந்த நாற்பது தோட்டங்களுக்கு எங்கள் இயந்திரம் காலை வேலைக்கான ஆணைகளை அச்சிட்டுக் கொடுத்தது. அவற்றில் ஒன்று சுங்கை மெலாத்தித் தோட்டம். சித்தியவானிலிருந்து பாகான் டத்தோ பக்கம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை வைத்துக்கொண்டிருந்த காலம். அந்தத் தோட்டத்துக்கு மட்டும் எங்கள் நிரல் நான்கு பகுதிகளாக இருந்தது. ஆட்களின் பெயர்ப் பட்டியல் ஒரு பகுதி. காலை ஆணை ஒரு பகுதி. கிடங்கிலிருந்து சாமான் எடுக்கும் சீட்டு ஒரு பகுதி. நான்காவது, கிழட்டு ரப்பர் மரங்களை மருந்து வைத்துச் சாகடிக்கும் பகுதி.

மரத்துக்கு மருந்து வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இருப்பீர்கள். அடிமரத்தில் வளையமாகப் பட்டையைச் செதுக்கி, அதில் தூரிகையால் மருந்தைப் பூசுவார்கள். மரம் விழாது. நின்றபடியே சாகும். இலை உதிரும், கிளை வெளுக்கும், பறவை உட்காராது. ஒரு காடு முழுவதும் எலும்பாக நிற்கும். அந்தக் காட்டுக்குள் நடந்து போனால் நம் காலடிச் சத்தம் நமக்கே வேறொருவர் நடப்பதுபோல் கேட்கும்.

நான்கு பகுதிகளுக்கும் ஒரே அமைப்புக் கோப்பு வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அவசரத்தில், அலட்சியத்தில், ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஆணவத்தில், பகுதிக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தேன். நான்கு பகுதிக்கு நான்கு கோப்பு. அன்றைக்கு நான்கிலும் ஒரே உண்மைதான் இருந்தது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மருந்துப் பகுதியின் பிரதியில் இப்படி ஒரு வரி. ஒன்பதாம் காடு, மரம் அழிக்க வேண்டும், பொறுப்பு, மண்டோர் மாயாண்டி. மண்டோர் என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பாளர். காடு என்றால் எண் போட்டுப் பிரித்த தோட்ட நிலம்.

மாயாண்டி எண்பத்தொன்றில் இறந்துபோனார். அதே ஒன்பதாம் காட்டில், நின்றபடி செத்த ஒரு மரத்தின் கிளை முறிந்து அவர் மேல் விழுந்தது. எண்பத்திரண்டில் தோட்டத்தின் காடுகளுக்கெல்லாம் புது எண் போட்டார்கள். பழைய ஒன்பது நான்கானது. ஒன்பது என்ற எண்ணைத் தூக்கிப் புதிய வீட்டு வரிசைகளுக்கு மேலே இருந்த சரிவுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சரிவில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு குளம். நாற்பத்திரண்டு வீடுகள் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் இருந்த ஒரே குளம். கரையைச் சுற்றிப் பெரிய பெரிய நிழல் மரங்கள்.

மற்ற மூன்று கோப்புகளையும் நாங்கள் திருத்தினோம். புதிய மண்டோர் பத்துமலையின் பெயரை எழுதினோம். நான்காவதை யாரும் தொடவில்லை. மருந்து வேலையே நின்றுபோயிருந்தது. உறங்கிக்கொண்டிருந்த கோப்பை யார் நினைப்பார்கள்?

எண்பத்து நான்கு மார்ச்சில் எங்கள் நிலையத்துக்குப் புதிய இயந்திரம் வந்தது. அதுவரை தனித்தனியாக ஓடிய நான்கு பகுதிகளையும் ஒன்றாகக் கட்டி ஓட்ட ஆரம்பித்தோம். அதன்பின் நாங்கள் திறந்து பார்த்தது, கட்டியபின் கிடைக்கும் ஒரே கோப்பைத்தான். தோட்டத்திலும் மிச்சமிருந்த ரப்பரை அழிக்கும் வேலை மறுபடி தொடங்கியது. மாதத்தின் முதல் திங்கள் நிரலைக் கட்டுவோம். செவ்வாய் அச்சடிப்போம். புதன் வேன் எடுத்துப் போகும். வியாழன் விடியலில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். 

ஏப்ரல் மாதம், முதல் வியாழன், காலை எட்டரை. என் மேசைத் தொலைபேசி அடித்தது. தோட்டத்துக் கிராணி பாஸ்கல் பேசினார். தெலுக் ஆன்சனில் படித்துவிட்டு, ஓராண்டுக்கு முன்தான் அந்தத் தோட்டத்துக்கு எழுத்தராக வந்தவர்.

“அண்ணே, ஒங்க மெசின் செத்தவனுக்கு கெர்ஜா குடுத்திருக்கு லா.”

“செத்தவனுக்கு வேலையா? யாருக்கு?”

“மாயாண்டின்னு ஒரு மண்டோர். எனக்கு ஆளத் தெரியாதுண்ணே, நான் வர்றதுக்கு முந்தியே செத்துட்டாராம். தாள்ல இருந்துச்சு, நானும் பெரட்டுல கூப்பிட்டுட்டேன்.”

“சரி, கூப்பிட்டா என்ன. ஆளு இல்லன்னு எழுதிட்டு அடுத்த பேரக் கூப்பிட வேண்டியதுதானே.”

கம்பியின் அந்தப் பக்கம் பாஸ்கல் தாளை மடக்கும் சத்தம் கேட்டது.

“பதில் வந்துச்சுண்ணே.”

நடந்தது இதுதான். வெளுப்பதற்கு முந்திய மங்கல். பெரட்டுக்களத்தில் பனி இறங்கியிருக்கிறது. விளக்கின் கீழே நின்று பாஸ்கல் பெயர்களைப் படிக்கிறார். “மண்டோர் மாயாண்டி, ஒன்பதாம் காடு.” எண்பது பேர் நின்ற களத்தில் இருமல்கூட நின்றுபோகிறது. பாஸ்கலுக்குக் காரணம் புரியவில்லை. ஆள் வரவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை கூப்பிடுகிறார். “மாயாண்டி.” பெண்கள் நின்ற வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வருகிறது. “வாரேன்.”

அது மாயாண்டியின் மனைவி வீரம்மா. மூன்று ஆண்டுகளாக அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் உச்சரித்ததில்லை. அன்று கூப்பிட்டார்கள். அவர் புறப்பட்டுவிட்டார். யாரும் தடுக்கவில்லை, தடுக்க யாருக்கும் கை எழவில்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, பனிக்குள் நடந்து, ஒன்பதாம் காட்டுக்குப் போய், குளக்கரை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம்.

இதையெல்லாம் கேட்ட நான் என்ன சொன்னேன்? “அச்சுப் பிழை பாஸ்கல், திருத்திர்றேன்” என்றேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். அவையோரே, அது நான் சொன்ன முதல் பொய்.

கோப்பைத் திறந்தேன். மாயாண்டி இருந்தார். அழித்தேன். பத்துமலை என்று அடித்தேன். மூடினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மே மாதம், ஆணை போன வியாழன், காலை எட்டரை. தொலைபேசி.

“அண்ணே, மறுபடியும் வந்திருக்கு.”

“இருக்காது பாஸ்கல். நானே என் கையால மாத்துனேன்.”

“தாளு என் கையிலதான் இருக்கு. நான் இந்தத் தடவ கூப்பிடல, தாண்டிப் போயிட்டேன். ஆனா நான் நிறுத்துனத அந்தக்கா பாத்துட்டாங்க. கிட்ட வந்து, ‘அவரு பேரு இருக்கா தம்பி’ன்னு கேட்டாங்க. நான் என்னண்ணே சொல்றது? இருக்குன்னேன். போயிட்டாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னொன்னுண்ணே. குளத்துக்கு மேல மூணு மரம் காயுது. காத்தே இல்ல, எல கொட்டுது. அந்தக்கா தலையிலயும் மடியிலயும் கொட்டுது, தட்டிவிடாம உக்காந்திருக்காங்க. மாயாண்டி கூப்பிட்டுக்கிட்டுப் போகப் போறாருன்னு லயத்து வீடுகள்ல பேசுறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கே கதவச் சாத்திர்றாங்க.”

நான் திரும்பவும் கோப்பைத் திறந்தேன். நான் அடித்த பத்துமலை அங்கே இல்லை. மாயாண்டி இருந்தார். அதே எழுத்து, அதே இடம், அதே ஒன்பது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “ஆவியா?” ஐயா, அந்த நிமிடத்தில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். படித்தவன், பட்டயம் வாங்கியவன், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவன். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பவும் அழித்தேன், திரும்பவும் பத்துமலை என்று அடித்தேன். மூன்று மரம் ஏன் காய்ந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? ஒன்பதாம் எண்ணில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்டால் என் பிழை தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் நிலையத்தில் இயந்திரத்தை ஓட்டியவர் ரோசரி. ஜெலாப்பாங் பெண், நாளொன்றுக்கு ஆயிரம் தாள் கிழித்து அடுக்குபவர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவர். ஜூன் மாதம், சனிக்கிழமை, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன். “பத்துமலைன்னு இருக்கா?” “இருக்கு.” “நல்லாப் பாத்துக்க.” “பாத்துட்டேண்ணே.” மூடினேன்.

திங்கள் நிரலைக் கட்டினோம். செவ்வாய் மதியம் அச்சடித்தோம். வெளியே ஈப்போ மலைகள் மறையும்படி மழை. உள்ளே இயந்திர அறைக் குளிர். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ரோசரி அதை நிறுத்திவிட்டார். இரைச்சல் நின்றதும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தாளைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இங்க வாங்கண்ணே” என்றார்.

மண்டோர் மாயாண்டி. ஒன்பதாம் காடு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ரோசரி மெதுவாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“அண்ணே, சனிக்கிழம நம்ம பாத்தப்ப இவரு இல்ல. இன்னிக்கு இருக்காரு. நடுவுல நம்ம செஞ்சது ஒன்னே ஒன்னுதான். கட்டுனோம். கட்டும்போதுதான் இவரு உள்ள வர்றாரு. எந்த வாசல் வழியா வர்றாருன்னு பாருங்க.”

பார்த்தேன். வரியின் ஓரத்தில் அது எழுதப்பட்ட தேதி இருந்தது. நான் சனிக்கிழமை அடித்த வரி இருந்த இடத்தில் எழுபத்தொன்பது செப்டம்பர் பன்னிரண்டு என்று நின்றது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு நான்கு பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்காவதில் இருந்தார். ஐந்து ஆண்டுகளாக, யாரும் திறக்காத மருந்துப் பகுதிக்குள், நானே எடுத்து வைத்து மறந்துபோன பிரதிக்குள், மாயாண்டி உயிரோடு இருந்தார். நிரலைக் கட்டும்போது நான்கு கோப்புகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ஒரே எண்ணில் இரண்டு வரி இருந்தால் கடைசியாக விழுந்ததுதான் நிற்கும். கடைசிப் பகுதி மருந்து. நான் மேலே எத்தனை முறை அழித்தாலும், அடியிலிருந்து அவர் எழுந்து வந்துகொண்டே இருந்தார். எழுப்பியது நான்.

அதைவிட அச்சம் தந்தது அந்த வரியின் மீதி. மரம் அழிக்க வேண்டும் என்று எழுதியிருந்ததே, அது எங்கே போனது? கிடங்குச் சீட்டுக்குப் போனது. பெரட்டுத் தாள்தான் பாஸ்கல் கைக்குப் போகும். கிடங்குச் சீட்டு நேராகக் கிடங்குக்குப் போகும். பாஸ்கல் அதைப் பார்ப்பதே இல்லை. ஏப்ரலில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான், எண்ணை மட்டும் பார்த்து, வாசிக்கத் தெரியாத குத்தகை ஆட்கள் மேல் வரம்பில் மூன்று மரத்துக்கு மருந்து பூசியிருக்கிறார்கள். மே மாதம் கிடங்கில் மருந்து இல்லை. ஜூனில் வந்திருந்தது. ஆறு டின். மீதி மரங்கள் எங்கே நிற்கின்றன என்று தோட்டத்து வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நீல நிறத்தில் குளம். அதன் கரையில் மரங்கள்.

சுங்கை மெலாத்திக்குத் தொலைபேசி போட்டேன். மழையில் கம்பி அறுந்திருந்தது. திங்கள் இரவே அச்சாகியிருந்த கிடங்குச் சீட்டுகளை மட்டும் அன்று காலையிலேயே ஒரு வேன் எடுத்துப் போய்விட்டது. புதன் முழுவதும் கம்பி வேலை செய்யவில்லை. மாலையில் பேருந்து ஏறிச் சித்தியவானில் தங்கி, வியாழன் விடியுமுன் ஒரு லோரிக்காரரைக் கெஞ்சி ஏறிப் பெரட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பாஸ்கல் விளக்கின் கீழே நின்றார். ஆட்கள் நின்றார்கள். பெண்கள் வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. 

“அந்தக்கா எங்க?”

“வெளுக்கறதுக்கு முந்தியே போயிட்டாங்கண்ணே. நான் இன்னும் தாளே பிரிக்கல. யாரும் அவரு பேரக் கூப்பிடல. வாசல்ல கூப்பிட்டாருன்னு சொல்லிட்டுப் போனாங்களாம்.”

ஓடினோம். பனைகளுக்கு நடுவே ஓடினோம். சரிவில் ஏறும்போது மருந்து வாடை மூக்கில் ஏறியது. இலையில்லாத மூன்று மரங்கள் வெள்ளை வெள்ளையாய் வானத்தில் நின்றன. அதற்குக் கீழே குளம். அலையில்லை, அசைவில்லை. கரையில் ஆறு டின் வரிசையாக நின்றன. ஒன்றில் மூடி திறந்திருந்தது. தூரிகை கீழே கிடந்தது. ஆட்கள் யாரும் இல்லை. வீரம்மா மட்டும் டின்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“அக்கா,” என்று பாஸ்கல் கூப்பிட்டார்.

“பூசல தம்பி,” என்றார் வீரம்மா. “ஒரு மரத்துலயும் பூசல. பாத்துக்கங்க.”

என்ன நடந்தது என்று அவரே சொன்னார். குத்தகை ஆட்கள் இருவர் வந்திருக்கிறார்கள்; இந்த முறை புதியவர்கள்; ஒருவருக்கு வாசிக்கத் தெரியும். டின்னைத் திறந்துவிட்டு அவர் வீரம்மாவிடம் கேட்டிருக்கிறார்: “அக்கா, இங்க மண்டோர் மாயாண்டி யாரு? அவரு காட்டுற மரத்துக்கு மட்டுந்தான் பூசணும்னு சீட்டுல போட்டிருக்கு.”

வீரம்மா சொல்லியிருக்கிறார்: “அவரு எம் புருசன். செத்து மூணு வருசமாச்சு. அவரு காட்ட மாட்டாரு. நீங்க பூசக்கூடாது.”

அந்த ஆள் சீட்டை ஒருமுறை பார்த்திருக்கிறார். காய்ந்த மூன்று மரங்களைப் பார்த்திருக்கிறார். வீரம்மாவைப் பார்த்திருக்கிறார். தூரிகையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

அவையோரே, நான் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ‘மண்டோர் காட்டும் மரங்கள் மட்டும்.’ அந்த வார்த்தைகள் எப்படி அங்கே வந்தன? எந்தத் தோட்டத்துச் சீட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. அந்தக் குளக்கரையில் நின்றபோதுதான் எனக்கு நினைவு வந்தது. எழுபத்தொன்பதில், கோப்பை நான் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், தோட்டத்து ஆபிசிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். முகம் பார்த்ததில்லை. “தம்பி, மருந்து பொல்லாதது. நான் காட்டாத மரத்த யாரும் தொடக்கூடாது. அத மறக்காம மெசின்ல எழுதிருங்க” என்றார். சரி என்று மருந்துப் பகுதியின் பிரதியில் எழுதினேன். பேர் என்ன என்று கேட்டேன். “மாயாண்டி” என்றார்.

அவர் சொன்ன சொல், அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, என் அலட்சியத்தால் அழியாமல் கிடந்து, அவர் வீட்டார் குடிக்கும் தண்ணீரைக் காத்தது. அந்தச் சொல்லைப் படித்தவருக்குப் பதில் சொல்ல, சரியான நாளில் சரியான இடத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கோப்பு எப்படித் திரும்பி வந்தது என்பதற்கு என்னிடம் விளக்கம் இருக்கிறது. அன்று விடியலில் வாசலில் கூப்பிட்டது யார் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. கேட்காதீர்கள்.

நான் வீரம்மாவிடம் சொன்னேன். “அக்கா, அவரு பேர அடிச்சு அனுப்புனது நான்தான். தப்பு என்னோடது.” அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்ப அவரு கூப்பிடலயா?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு எந்த நிரலில் பதில் எழுதுவது? பாஸ்கல் டின்னின் மூடியை எடுத்து மூடினார்.

மூன்று வாரம் கழித்து பாஸ்கல் அவரை ஈப்போவுக்கு அழைத்து வந்தார். அவரே கேட்டாராம், பெயர் இருக்கும் இடத்தைப் பார்க்கணும் என்று. அதற்குள் நாங்கள் நான்கு கோப்புகளை ஒன்றாக்கியிருந்தோம். மருந்துப் பகுதியின் பிரதியை மட்டும் அழிக்கவில்லை. கட்டும் வேலையிலிருந்து அதைப் பிரித்து, தனியே பூட்டி வைத்திருந்தேன். அழிக்க எனக்குத் துணிவில்லை.

ரோசரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். திரையில் பச்சை எழுத்து. வீரம்மாவுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ரோசரி விரல் வைத்துக் காட்டினார். “இதுலேர்ந்து இது வரைக்கும், அக்கா. இதான் அவரு பேரு.”

வீரம்மா திரைக் கண்ணாடியைத் தொட்டார். “சூடா இருக்கே,” என்றார். பிறகு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். “இத்தன வருசமா இந்தக் குளுருலயா இருந்தாரு?”

ரோசரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வேணும்னா ஒரு தாள்ல அடிச்சுத் தரோம்க்கா, வீட்டுல வச்சுக்கங்க,” என்றேன்.

“வேணாம் தம்பி. கூப்பிட்டது போதும். அவர விட்டுருங்க.” திரும்பவும் திரையைப் பார்த்தார். “நான் விடலாமா?”

எந்த விசை என்று ரோசரி காட்டினார். வீரம்மா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். வரி மறைந்தது. திரையில் ஒன்றுமே இல்லை. பச்சைப் புள்ளி ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதாங்க்கா.”

எழுந்தார். மதியப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

இளைய செல்வங்களே, இன்று உங்கள் கையில் தாள் கொடுப்பார்கள். நாளை உங்கள் கையில் இயந்திரம் கொடுப்பார்கள். நாளை மறுநாள் பத்துப் பகுதி, இருபது பகுதி, நூறு பகுதி என்று நிரல்கள் வளரும். அப்போது உங்கள் காதோரம் ஒரு குரல் வந்து சொல்லும்: ‘ஒரு பிரதி எடுத்து வை, வேலை சுலபம்.’ எடுக்காதீர்கள். உண்மை ஒன்று என்றால் அதை ஓரிடத்தில் எழுதுங்கள். பகுதிகள் எல்லாம் அந்த ஓரிடத்துக்கு வந்து படித்துக்கொள்ளட்டும். ஒரு தோட்டத்துக்கு மட்டும் வேறுபாடு வேண்டுமென்றால் அந்த வேறுபாட்டை மட்டும் தனியே எழுதுங்கள். ஏன் எழுதினீர்கள், என்றைக்கு எழுதினீர்கள், யார் சொல்லி எழுதினீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். எது கடைசியாக விழுகிறது, எது எதை மூடுகிறது என்று கட்டும் முன்னே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாது என்று நான் ஏப்ரலில் சொல்லியிருந்தால், அந்த அம்மா மூன்று மாதம் இலை உதிரும் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். ஓர் எண் என்று நீங்கள் அடிப்பது ஒருவர் குடிக்கும் தண்ணீர். ஒரு பெயர் என்று நீங்கள் அடிப்பது ஒருத்தி மூன்று ஆண்டு அழுது அடக்கிய அழுகை. குளிர் அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்காக நம் மனமும் குளிர்ந்து போகலாமா? கண்ணில் படவில்லை என்பதற்காக அவர்கள் இல்லாமல் போய்விடுவார்களா?

இப்போதும் எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கள், நிரலைக் கட்டும் முன், ரோசரி நாற்பது தோட்டத்துக்கும் ஒவ்வொன்றாகத் தொலைபேசி போடுவார். எங்கள் ஒரே கோப்பில் இருக்கும் மண்டோர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். அரை நாள் போகிறதே என்று மேலாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். கம்பியின் அந்தப் பக்கத்திலிருந்து, சேவல் சத்தத்துக்கும் லோரிச் சத்தத்துக்கும் நடுவே, “இருக்காரு” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வரும்வரை நான் விசையில் விரல் வைப்பதில்லை.

என் பிழையைச் சொல்ல இடம் தந்த தலைவருக்கும், கொட்டாவியை மறந்து கேட்ட அன்னைக்கும், கடைசிப் பேருந்தை விட்டுவிடுவோமோ என்ற கவலையை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்த உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. சான்றிதழ் வாங்கும் கைகள் நல்ல கைகளாக விளங்கட்டும். வணங்கி விடைபெறுகிறேன்.